மைப்பொட்டு

மேகம் வந்து நின்றுகொண்டது. மழைக்கு ஊரே ஏங்கிக் கிடந்த மாசமெல்லாம் எட்டிப் பார்க்காத மேகம், இன்றைக்கு வெயில் வேண்டும் என்று ஒரு மனுஷன் வாய்க்கால் மேட்டில் ஸ்டாண்டை ஊன்றிக் கேமராவை மாட்டி வைத்துக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து, சூரியனுக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. "போயிரும். சித்த நேரத்துல போயிரும்" என்றார் சபாபதி, அண்ணாந்து பார்த்தபடி. மேகத்துக்குச் சொன்னாரா, பெண்டாட்டிக்குச் சொன்னாரா தெரியவில்லை. அவர் பேச்சில் பாதி இப்படித்தான். யாருக்கு என்று கேட்கிறவர்கள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தெய்வானை எடுத்துக்கொண்டு "ஆமாங்" என்றாள். அவள் வேப்பமரத்து வேரின் மேல், கலாமணி உட்கார வேண்டிய இடத்தில், கலாமணிக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தாள். மகள் தோப்புக்குள் மோட்டார் ரூமில் சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் வருவதற்குள் இடம் பார்க்க, தூரம் பார்க்க, நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க ஓர் உடம்பு வேண்டும். அம்மாவும் மகளும் ஒரே உயரம், ஒரே தாடை, ஒரே நிறம். அம்மாவை வைத்து அளந்தால் மகளுக்குச் சரியாக இருக்கும். "தலைய இக்கட்டத் திருப்பு. இன்னுங் கொஞ்சம். ஆ, அப்படியே இரு. அசையாத." அசையாமல் இருப்பதில் தெய்வானையை மிஞ்ச உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொண்டது. இப்போதும் ஓர் எறும்பு கணுக்காலில் ஏறிக்கொண்டிருந்தது, ஏறட்டும், அது அதன் வழியில் போகட்டும், மேகமும் அதன் வழியில் போகும், ஆனால் போகாமலே இருந்தால், சாயங்காலம் வரைக்கும் இப்படியே கிடந்தால், இன்றைக்குப் படம் இல்லை என்று ஆகிவிட்டால், புதன்கிழமை கல்யாணத் தரகர் வருகிறபோது கொடுக்க ஒன்றும் இருக்காது. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு நெஞ்சு லேசானது. பின்னாடியே பயமும் வந்துவிட்டது. கொடுக்க ஒன்றும் இல்லை என்றால் கலாமணியைக் கேட்டிருக்கிற கோபிக்காரர்கள் வேறு வீடு பார்த்துப் போய்விடுவார்கள்.

இவருக்கு எதற்கு உச்சி வெயில் என்று கேட்காத ஆள் இல்லை. மற்ற போட்டோக்காரர்கள் விடியற்காலைக்கும் சாயங்காலத்துக்கும் அலைவார்கள். சபாபதி, காக்கா குருவிகூட நிழலுக்கு ஒதுங்கிய பிறகுதான் கிளம்புவார். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு அவ்வளவு தீனி வேண்டும். கேமராவின் முகத்தில் திருகி மாட்டுகிற வட்டக் கண்ணாடி. கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தார் பூசிய மாதிரி இருக்கும், ஒன்றும் தெரியாது. நாம் பார்க்கிற வெளிச்சம் அத்தனையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டு, நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பை மட்டும் உள்ளே விடும் என்பார். அதைக் குடிக்கத் தெரிந்த ஃபிலிமும் தனி. சிங்கப்பூரில் இருக்கிற மாமன் மகன் பொங்கலுக்கு வரும்போது வாங்கி வருவான். அது ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும். அந்தச் சிவப்பில் பச்சை இலையெல்லாம் பஞ்சு வெடித்த மாதிரி வெள்ளையாகிவிடும். வானம் கறுக்கும், வாய்க்கால் தண்ணீர் மையாகும். மனுஷத் தோல், அது எப்பேர்ப்பட்ட தோலாக இருந்தாலும், பாலில் கழுவி எடுத்தது போல வெளுத்துவிடும். 'கலைங்க இது' என்பார் சபாபதி. இருக்கலாம். கோயமுத்தூரில் போட்டோ சங்கத்துக்காரர்கள் கேடயம் கொடுத்திருக்கிறார்கள், சும்மாவா கொடுப்பார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் கண்ணாடிக் கடை வைத்து ஊருக்கெல்லாம் கண் பரிசோதித்துவிடுகிற மனுஷன், உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு மூக்கிலும் சரியான நம்பரை உட்கார வைக்கிற மனுஷன், தன் வீட்டுக்கு மட்டும் இந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டார். தெய்வானை இதை வெளியில் சொன்னதில்லை. சொன்னால், 'உன்ற புருசன் உன்னையப் படம் புடிச்சுப் புடிச்சே தேஞ்சு போனாரு, உனக்கென்னடி கொறை' என்பார்கள். அதுவும் நிஜம்தான். வட்டாரத்தில் எந்தப் பெண்டாட்டிக்கும் இத்தனை படம் கிடையாது. அத்தனையிலும் ஒன்றில்கூட அவள் கிடையாது.

முதலில் மஞ்சள் கண்ணாடி, கல்யாணமான வருஷம். கலாமணி வயிற்றில் இருந்தபோது ஆரஞ்சு. அப்புறம் சிவப்பு. சிவப்பு அவளுக்கு முன்னாலேயே பழக்கம்; அவள் தலையெழுத்தை எழுதியதே ஒரு சிவப்புக் கண்ணாடிதான். தாராபுரத்தில் ஸ்டுடியோக்காரர் அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, "செவப்பு போட்டு எடுத்தர்றனுங்க, கொஞ்சம் எடுப்பாத் தெரியும்" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அப்புறம் நெகட்டிவில் பென்சிலாலும் தேய்த்தாராம். வந்த படத்தில் இருந்தவள் யாரென்று தெய்வானைக்கே தெரியவில்லை. யாரோ ஒரு வெளுத்த பெண், இவள் சேலையைக் கட்டிக்கொண்டு, இவள் அட்டிகையைப் போட்டுக்கொண்டு. அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் சபாபதி வந்தார். வந்து பாயில் உட்கார்ந்து, பலகாரத் தட்டை வாங்கும்போது நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "கை கழுவிட்டு வந்தர்றனுங்க" என்று எழுந்து கிணற்றடிக்குப் போனார். பலகாரத்தில் இன்னும் கையே வைக்கவில்லை, கழுவ என்ன இருக்கிறது. தண்ணீர் இறைக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது. உள்ளே அப்பா துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார். சபாபதி திரும்பி வந்து "சரி" என்றார். அந்த ஒரு சரியைத்தான் தெய்வானை இன்றுவரைக்கும் உண்டுகொண்டிருக்கிறாள், உடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் கை நீட்டியது கிடையாது. ஒரு நாள் 'கறுப்பி' என்று சொன்னது கிடையாது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு, அழுதுவிட்டுத் தூங்கியிருக்கலாம். அவர் மன்னித்தார். தினமும் காலையில் எழுந்து காப்பி குடித்துவிட்டு மன்னித்தார். சொந்தக்காரர்கள் ஒறம்பரை வந்து சாப்பிட்டு வெற்றிலை போடுகிற நேரத்தில், "இவ போட்டோவப் பாத்துத்தானுங்க நான் ஏமாந்தேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தெய்வானையும் சிரிப்பாள், சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது. 'ஏமாத்துனது நானில்லீங்க, அந்தக் கண்ணாடி' என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்திருக்கலாம். அதற்குள் அவரே அதே சிவப்புக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். தன்னை ஏமாற்றிய பெண்ணை அவர் அப்புறம் தேடிக்கொண்டே இருந்தார் என்று தெய்வானைக்குத் தோன்றும். வீட்டில் இருக்கிறவளை உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி மாற்றிப் போட்டு, வரவேண்டியவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

கறுப்புக் கண்ணாடியில் அவள் வந்துவிட்டாள். அப்போது கலாமணி ஒன்பதாவது. அதைப் பழகுவதற்குள் சபாபதி பட்ட பாடு கொஞ்சமில்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் ஓரிடத்தில் கூடுமாம், தெரியாத வெளிச்சம் இன்னோரிடத்தில் கூடுமாம். அதனால் கண்ணால் பார்த்து முகத்தைத் துல்லியமாக வைத்த பிறகு, லென்ஸ் வளையத்தை அதன் மேலே இருக்கிற ஒரு சின்னச் சிவப்புப் புள்ளிக்கு நேராகத் திருகிவிட வேண்டும். ஓர் அரிசி அகலம்தான். திருகாவிட்டால் முகம் கலங்கிப் போகும். சபாபதி வானத்தைப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், இதை மறந்துவிடுவார். ரோல் ரோலாகக் கலங்கின முகங்களைக் கழுவி எடுத்துத் தலையில் அடித்துக்கொண்ட பிறகு, ஞாபகப்படுத்துவது தெய்வானையின் வேலை என்று ஆயிற்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே, உதடு பிரியாமல் "புள்ளிங்" என்பாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு திருகுவார். அப்படி அவளே ஞாபகப்படுத்தி விழுந்த முதல் நல்ல படத்தில் அவள் நெற்றி மொட்டையாக இருந்தது. காசு அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்தாள், காணோம். சிவப்பெல்லாம் அதில் வெள்ளை. மாமியார் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எம் பையன் கல்லாட்டம் இருக்கறப்ப இதென்னடி இது, தாலியறுத்தவளாட்டம்!" என்று கத்தி, அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. சபாபதி சாப்பிட்டார், யோசித்தார், "மையில பொட்டு வெச்சுக்க" என்றார். விளக்குக் கரியில் எடுத்த மை எந்தக் கண்ணாடிக்கும் அசைந்து கொடுக்காது, கறுப்பாகவே விழும். கண்ணின் பாப்பாவும் அப்படித்தான். உதடு பிணத்துக்குப் போல வெளுக்கிறது என்று அங்கேயும் ஒரு துளி மை. கறுப்பியை வெளுக்க வைத்துவிட்டு, வெளுத்தவளுக்கு உயிர் இருக்கிறது என்று காட்டக் கறுப்பையே எடுத்து அங்கங்கே ஒட்ட வேண்டியிருந்தது. கையிலும் கழுத்திலும் நரம்பெல்லாம் தெரிந்தது. உள்ளே ஓடுகிறது தெரிகிறது, மேலே இருக்கிறது தெரியவில்லை. கேடயம் வாங்கியது அந்தப் படம்தான்.

அதைப் பெரிதாகப் போட்டுக் கடையில் மாட்டினார். மேசைக்கு நேர் மேலே, கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவர்கள் முதலில் பார்க்கிற இடத்தில். ஒரு நாள் தெய்வானை டிபன் கேரியரோடு போனாள். ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரை நிமிர்ந்து பார்த்தார். "யாருங்க இந்தப் பொண்ணு? நல்ல லட்சணம். வடக்கத்திப் பொண்ணுங்களா?" சபாபதி துணியால் இன்னொரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "தெரிஞ்சவிங்க பொண்ணுங்க" என்றார். தெய்வானை கேரியரும் கையுமாக அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். பெரியவர் இவளையும் பார்த்தார், புதுக் கண்ணாடி வழியாகவே பார்த்தார், சரியான நம்பர்தான். சபாபதி கேரியரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "வெயில்ல ஏன் வந்தே?" என்றார். தெரிஞ்சவிங்க. பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். தெரிஞ்சவிங்கதான், பொய் சொல்லவில்லையே, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள் தெரிஞ்சவள் இல்லையா. தெரிஞ்சவிங்க பொண்ணு. வேறு என்ன சொல்வார், 'இவதான் அவ' என்றா, சொன்னால் அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிப் பார்ப்பார், கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், யாருக்கு அவமானம், அவருக்கா இவளுக்கா. அதற்காகத்தான் சொல்லவில்லை, என் நல்லதுக்குத்தான் என்று சமாதானம் பண்ணிக்கொண்டாள். வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சமாதானம் கரைந்து, தெரிஞ்சவிங்க என்பது மட்டும் மிச்சம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. சோறு வடிக்கும்போது வரும், கோயிலில் கண்ணை மூடினால் வரும். எறும்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது.

"வெயில் வர்ற மாதிரி இருக்குது" என்றார் சபாபதி. வரவில்லை. தூரத்து மலையில் மட்டும் ஒரு துண்டு வெயில் விழுந்து நகர்ந்தது. இந்த ஃபிலிமை வெளிச்சத்தில் பிரிக்கக் கூடாது. இருட்டென்றால் கையைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தாலும் தெரியாத இருட்டு வேண்டும். வீட்டில் அரிசி மூட்டை போடுகிற அறைதான் அதற்கு. கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்துவிட்டு, மூட்டை மேல் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து ஃபிலிம் நுனியைத் தடவிப் பிடித்துக் கேமராவுக்குள் மாட்ட வேண்டும். சபாபதிக்கு இருட்டில் கை வராது, தெய்வானைக்கு வரும். அந்த வீட்டில் அவள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிற இடம் அது ஒன்றுதான். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அங்கே யாருக்கும் நிறம் கிடையாது. இன்றைக்குக் காலையில் அவள் சேலையைத் திணிக்கப் போகும்போது கலாமணியும் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர், நாற்பது பெண்களை ஓர் அதட்டலில் அடக்குகிறவள், இருட்டில் சின்னப் பிள்ளை போலக் கூப்பிட்டாள். "அம்மா, எங்க இருக்கே?" "மூட்டை மேல இருக்கறேன் கண்ணு. கால்ல இடிச்சுக்காத." தடவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் தோளில் பட்டது. "எனக்கு இந்தப் படம் வேண்டாம்மா." தெய்வானை ஃபிலிம் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள். "அப்பாகிட்டச் சொல்லு." "சொன்னேன். 'உனக்கு ஒண்ணுந் தெரியாது கண்ணு, எல்லாத் தோலும் இதுல ஒண்ணுதான்'கறாரு." "அப்ப நல்ல கண்ணாடிதான, கண்ணு?" "எல்லாத்தையும் வெளுக்க வெக்கறது எப்படிம்மா நல்லது? யாரையாச்சும் கறுப்பாக்குச்சா?" இருட்டுக்குள் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று. "நீ சொல்லும்மா. வேண்டாம்னு ஒரே ஒரு வார்த்தை. நீ சொல்லுவேன்னு அவரு நெனைக்கவே மாட்டாரு. சொன்னீன்னா அங்கயே எந்திரிச்சு வந்தர்றேன். சொல்லாட்டி உக்காந்துக்கறேன், அப்புறம் ஒண்ணுமே கேக்க மாட்டேன்." "ஏங் கண்ணு எம் மேல போடறே?" "உனக்குத்தானம்மா தெரியும். அந்த மாதிரிப் போட்டோவுக்குள்ள இருந்து எறங்கி ஒரு வீட்டுக்குப் போனா எப்படி இருக்கும்னு உனக்குத்தான் தெரியும். எனக்கென்ன தெரியும்?" ஃபிலிம் நுனி கேமராவுக்குள் இருக்கிற பல்லில் மாட்டிக்கொண்டது. தெய்வானை மூடியை அழுத்தி மூடினாள். இருட்டு என்பதால் மகளால் முகத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

தோப்புக்குள்ளிருந்து கலாமணி வந்தாள். அரக்குப் பட்டு, அது வெள்ளையாக விழும் என்று அவர் முன்பே எடுத்துப் பார்த்துவைத்தது. காதில் அம்மாவின் தோடு. நெற்றியில் மைப்பொட்டு, காலையில் தெய்வானை தன் மோதிர விரலால் வைத்துவிட்டது. சின்னதில் பிள்ளைக்குக் கண்ணேறு படக் கூடாது என்று கன்னத்தில் வைப்பாளே, அதே மை. வெயில் இல்லாத அந்த வெளிச்சத்தில், வேப்பமரத்தின் பச்சைக்கு முன்னால், அரக்கும் கறுப்புமாக மகள் நடந்து வந்ததைத் தெய்வானை பார்த்தாள். என்ன அழகு. இதை இப்படியே, இந்த நிமிஷத்தில், ஒரு கண்ணாடியும் போடாமல் யாராவது எடுத்துவிட்டால் என்ன. சபாபதியும் பார்த்தார். "சேலை ஓகே" என்றார். தெய்வானை எழுந்து இடம் கொடுத்தாள். வேர் இன்னும் அவள் சூட்டில் இருந்திருக்கும். மகள் அதன் மேலேயே உட்கார்ந்தாள், அவர் தலையைத் திருப்பச் சொன்ன பக்கம் திருப்பினாள். எல்லாம் அளந்தபடி சரியாக இருந்தது. தெய்வானை வந்து கேமராவுக்கு அருகில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வெயில் வந்தால் கேமரா சுடாமல் இருக்க. மூன்று இடம் வந்து தட்டிப் போயிருக்கிறது. கடைசியாக வந்தவர்கள் பொருத்தமெல்லாம் பார்த்துத் திருப்திப்பட்டுத்தான் வந்தார்கள். வந்து, பெண்ணைப் பார்த்து, பையனின் அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இரண்டு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கோபிக்காரர்கள் உஷார், போட்டோவை முதலில் அனுப்புங்கள் என்றுவிட்டார்கள். பையனுக்குப் பெங்களூரில் வேலை. "வந்து பாத்தாத் தெரிஞ்சு போயிருமேங்க" என்று நேற்றுச் சோறு போடும்போது தெய்வானை கேட்டாள். அவ்வளவு கேட்டதே அதிகம். சபாபதி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "வரட்டும். நம்ம வாசப்படி ஏறி, பாய்ல உக்காந்து, பலகாரத்தக் கையில வாங்கிட்டாங்கன்னா, அப்புறம் நல்ல மனசு இருக்கறவன் வேண்டாம்னு சொல்ல மாட்டான். நான் சொன்னனா?" சொல்லிவிட்டு ரசம் கேட்டார். தெய்வானை ஊற்றினாள். மகளுக்கும் அப்படி ஒருவனைத்தான் தேடுகிறார். கிணற்றடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வருகிற ஒருவனை.

மேகத்தின் ஓரம் வெள்ளியாக மின்னியது. சபாபதி பரபரத்தார். கேமராவில் கண்ணை வைத்து வளையத்தைத் திருகி மகளின் முகத்தைத் துல்லியமாக வைத்தார். "தாடையத் தூக்கு கண்ணு. போதும்." கைக்குட்டையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து ஊதி, திருகி மாட்டினார். இனிமேல் கேமராவுக்குள் கண்ணை வைத்தாலும் இருட்டுதான், அவர் வைக்கவும் மாட்டார். படம் எடுக்க அமுக்குகிற வயரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நொடி எண்ண மறு கையின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நின்றார். அண்ணாந்து பார்த்தார். வளையத்தைத் தொடவில்லை. தெய்வானை பார்த்தாள். சிவப்புப் புள்ளி தனியாக ஓர் ஓரத்தில் நின்றது. நாக்கின் நுனிக்கு வந்துவிட்ட சொல்லை அப்படியே பல்லுக்குள் நிறுத்தினாள். எதிரே கலாமணி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லுவாளா என்று. தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது. சொல்லவே வேண்டாம் கண்ணு. வேண்டாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். அம்மா வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் கலங்கிப் போய்விடும். ரோல் முழுக்க இதே இடத்தில், இதே தூரத்தில் எடுப்பார், அத்தனையும் கலங்கும். ஃபிலிம் இதுதான் கடைசி, இனிப் பொங்கலுக்குத்தான். கழுவிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார், அடித்துக்கொள்ளட்டும். கலர் படம்தான் போகும், உன் நிறத்தோடு போகும், வருகிறவன் தெரிந்து வருவான், வராதவன் வர வேண்டாம். இத்தனை வருஷத்தில் அவள் எடுத்த முதல் முடிவு, அதுவும் அசையாமல் எடுத்தது. உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி இருந்தது. வராதவன் வர வேண்டாம். வராமலே போனால்? ஒருவனுமே வராமல் போனால்? தெரிந்தே வருகிறவன் எங்கே இருக்கிறான், தெய்வானை ஒருத்தனையாவது பார்த்திருக்கிறாளா? சீரில், காது குத்தில், ஒவ்வொரு பந்தியிலும் ஒறம்பரை குனிந்து கேட்கும், இன்னும் ஒண்ணும் அமையலையா. இவரும் போய், நானும் போய், அந்த வீட்டில் இவள் மட்டும் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு, தனக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசி போட்டுக்கொண்டு. காய்ச்சலில் விழுந்தால் கதவைத் தட்ட யார். இவள் யார் என்று கேட்டால், தெரிஞ்சவிங்க பொண்ணு என்று சொல்லக்கூட ஓர் ஆள் இல்லாமல். அந்தச் சரியில் உப்பு இல்லைதான், ஆனால் அது சோறு போட்டது. அது இல்லாமல் தெய்வானை என்ன ஆகியிருப்பாள், தெரியாது, தெரியாததுதான் பயம். வெயில் வந்தது. இலையெல்லாம் ஒரே சமயத்தில் பளீரென்று எரிந்தன. சபாபதியின் கட்டைவிரல் வயரின் மேல் இறங்கியது.

"புள்ளிங்" என்றாள் தெய்வானை.

பயந்து சொன்னாளா, பழக்கத்தில் வாய் திறந்துகொண்டதா, அவளுக்கே தெரியவில்லை. தெரிந்து என்ன ஆகப்போகிறது, சொல்லியாயிற்று. சபாபதி நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டைவிரலை எடுத்தார். வளையத்தை ஓர் அரிசி அகலம் திருகிப் புள்ளிக்கு நேரே வைத்தார். வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார், இருக்கிற நிறத்தில், இருக்கிற வெயிலில், முகத்துக்கு நேராக. "நல்லவேளை சொன்னே. நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன், தெய்வான" என்றார். இந்த வார்த்தைக்குத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள். கறி ஆக்கிப் போட்டபோது வரவில்லை, பிள்ளை பெற்றபோது வரவில்லை, மாமியாருக்கு மலம் அள்ளியபோது வரவில்லை. இங்கே வந்தது. அவள் "ஆமாங்" என்றாள்.

கலாமணி அந்த வீட்டில் வளர்ந்தவள். புள்ளி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். கோபப்படவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. சொல்லாட்டி உக்காந்துக்கறேன் என்று காலையில் சொன்னாளே, உட்கார்ந்திருந்தாள். "லென்ஸைப் பாரு கண்ணு. அசையாத" என்று சபாபதி வயரை அமுக்கினார். கடிகாரத்தைக் குனிந்து பார்த்து "ஒண்ணு" என்றார். கலாமணி லென்ஸைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். "ரெண்டு." முகம் வெளுக்கும், கை வெளுக்கும், பட்டு வெளுக்கும், தலைக்கு மேலே மரம் முழுக்க வெளுக்கும். பொட்டும் கண்ணும் வெளுக்காது. "மூணு." அந்தக் கண் எங்கே பார்க்கிறதோ அங்கே பார்த்தபடியே கறுப்பாக விழும், கொஞ்சமும் கலங்காமல் துல்லியமாக விழும். அதற்குத்தான் தெய்வானை வாயைத் திறந்திருக்கிறாள்.